அன்றாடம் பயன்படுத்தும் பொருள்கள்

பாலர் பள்ளி ஆசிரியையாக நான் எழுதிய முதல் சுற்றறிக்கையே ஒரு சிறு கலவரத்தை உண்டாக்கியது. ஜோகூர் மாநிலத்துக் கூலாயில், தாமான் எனப்படும் குடியிருப்பு ஒன்றின் மூலை வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தப்பட்ட பள்ளி அது. பதினான்கு பிள்ளைகள், ஓர் ஆசிரியை, சமையலையும் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா. சமூகவியலில் பட்டம் வாங்கிய கையோடு நான் அங்கே சேர்ந்தேன். நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள் பென்சிலைப் பிடிப்பதற்கு முன்னால் மணலையும் மாவையும் தண்ணீரையும் தொட்டு அறிய வேண்டும் என்பது என் உறுதியான கொள்கை. சமுதாயத்தை எங்கிருந்து திருத்தத் தொடங்குவது என்று நீண்ட நாள் யோசித்து, கடைசியில் சோளமாவிலிருந்து தொடங்கலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

தொட்டும் முகர்ந்தும் பார்க்கும் அந்த விளையாட்டுக்கு நல்ல தமிழில் ஒரு பெயர் வேண்டுமென்று இரண்டு நாள் அகராதி பார்த்தேன். புலன்களுக்கு உணவாகவும் மனத்துக்கு மகிழ்ச்சியாகவும் இருப்பதால் ‘புலனின்ப விளையாட்டு’ என்று முடிவு செய்தேன். “புதன்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் புலனின்ப விளையாட்டு நடைபெறும். பழைய ஆடை அணிவித்து அனுப்பவும்” என்று பெற்றோரின் வாட்சாப் குழுவில் போட்டேன்.

மலேசியாவில் வாட்சாப்புக்குத் தமிழில் புலனம் என்று பெயர். அது எனக்குத் தெரியாததன்று. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பாதிப் பெற்றோர் இது கைப்பேசியில் ஆடும் ஏதோ விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். “பிள்ளைக்கு போன் குடுக்காதீங்கன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க?” என்று ஒரு தாயார் குரல் செய்தி அனுப்பினார். மீதிப் பாதிப்பேர் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் சொற்பொழிவு கேட்பவர்கள். புலனின்பம் என்றால் அடக்க வேண்டியது என்று மட்டும் அறிந்தவர்கள். புதன்கிழமை ஆறு பிள்ளைகள் வரவில்லை.

“என்னா டீச்சர், பாதிப் பேரு துறவறம் போயிட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு அக்கா அரைத்துக்கொண்டிருந்த மிளகாயைத் தொடர்ந்து அரைத்தார். அன்று மாலையே ‘புலனுணர்வு விளையாட்டு’ என்று திருத்தம் வெளியிட்டேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அதற்குள் பெற்றோர் அதற்குத் தாங்களாகவே ‘பெசையிற கிளாசு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை வந்திருந்த எட்டுப் பேரில் ஒருத்தி, பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதமாகியும் ஒரு வார்த்தை பேசாதவள். ஐந்து வயது. கூப்பிட்டால் வருவாள், சொன்னதைச் செய்வாள், கேட்டால் தலையை அசைப்பாள். வீட்டில் பேசுவாளா என்று தாயாரைக் கேட்டபோது, “எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசுவா. அவங்கப்பாகிட்ட பேச நேரமே இல்ல டீச்சர்” என்றார். தாயார் செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தகப்பனார் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போனால், பிள்ளை உறங்கிய பிறகுதான் திரும்புவார். ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவும் மகளும் வாரத்தில் ஐந்து நாள் ஒருவரையொருவர் தூங்கும்போது மட்டும் பார்த்துக்கொள்வார்கள்.

அன்று ஒரு பால்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன். இங்கே வாளி என்று எழுதினால் எனக்கே அது வேறு ஏதோ பாத்திரம்போலத் தோன்றுகிறது, ஆகையால் பால்டியே இருக்கட்டும். எது மிதக்கும், எது மூழ்கும் என்று பிள்ளைகள் முதலில் சொல்ல வேண்டும், பிறகு போட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சிறுமி ஒரு கோலிக்குண்டைக் கையில் எடுத்து நெடுநேரம் உருட்டினாள். பிறகு தண்ணீரில் விட்டாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து, தெளிவாக, என்னைப் பார்த்துச் சொன்னாள்: “முங்கிருச்சு.”

நான் அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, “மூழ்கியது. எங்கே சொல்லு, மூழ்கியது.”

அடுக்களை வாசலில் நின்றிருந்த அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். “ரெண்டு மாசம் கழிச்சு பிள்ள இப்பத்தான் வாயத் தொறந்திருக்கு. அதுக்குள்ள இலக்கணமா டீச்சர்? நீ சொல்லு தங்கம், என்னா ஆச்சு?”

“முங்கிருச்சு,” என்றாள் சிறுமி, அக்காவைப் பார்த்து.

அதன் பிறகு புதன்கிழமைகளில் பேச ஆரம்பித்தாள். முதலில் ஒற்றைச் சொற்கள், பிறகு வாக்கியங்கள். தண்ணீர் இருந்தால் பேச்சு வரும், தண்ணீர் இல்லாவிட்டால் வராது. ஆகவே ஏனைய நாள்களிலும் பால்டியை வெளியே வைக்கத் தொடங்கினேன்.

ஒரு சனிக்கிழமை பெற்றோர் சந்திப்புக்கு அவளுடைய தகப்பனார் வந்தார். அவரை நான் பார்ப்பது அதுவே முதல் முறை. நாற்காலி பிள்ளைகளுக்கானது. முழங்கால் முகவாயைத் தொடும்படி உட்கார்ந்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு பேச்சைத் தொடங்கினார்.

“ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க டீச்சர். பிள்ள இங்க என்னா படிக்குது?”

“எது மெதக்குது, எது முங்குதுன்னு அவங்களே கண்டுபிடிக்கறாங்கண்ணே. அறிவியலோட ஆரம்பமே அதுதான்.”

“தண்ணியில வெளாடறதுக்கு வீட்லயே பால்டி இருக்கு டீச்சர்.”

நான் ஐம்புலன்களைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பக்கத்து வூட்டுப் பையன் இவ வயசுதான். ஏ டு இசட் எழுதுறான், அம்பது வரைக்கும் எண்ணுறான். இவ பென்சிலயே தொட மாட்டேங்கறா. நான் ஒன்னாம் வகுப்புல ஒன்னுமே தெரியாம போயி ஒக்காந்தவன் டீச்சர். கடைசி பெஞ்சு. ஆறு வருசமும் அங்கதான். இவ அப்படிப் போயி ஒக்காரக் கூடாது. ஸ்கூல் லீவு வரைக்கும் பாக்கறேன். எழுதலைன்னா, டவுன்ல இருக்கற பெரிய பாலர் பள்ளியில போட்டுருவேன்.”

விடுமுறைக்கு நான்கு வாரம் இருந்தது.

அவரை அறியாமைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ள என்னால் முடியவில்லை. கடைசி பெஞ்சைப் பற்றி நான் புத்தகத்தில் படித்திருந்தேன், அவர் அதில் உட்கார்ந்திருந்தார். அதே சமயம் நகரத்திலிருந்த அந்தப் பெரிய பள்ளியையும் நான் அறிவேன். வரிசையாக மேசைகள், பிள்ளைக்கு நான்கு பயிற்சி நூல்கள், வாய்மேல் விரல். இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கும் ஒரு பிள்ளையை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் அந்தப் பேச்சு திரும்ப எப்போது வரும், வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பக்கத்து விளைவுகளையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தேன். அக்கா அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல எந்தப் பக்கம் முங்குது?” என்று கேட்டார்.

பிள்ளை என்ன கற்கிறாள் என்பதை அந்தத் தகப்பனார் தம் வீட்டிலேயே பார்த்தால் மனம் மாறுவார் என்று எனக்குத் தோன்றியது. அதற்காகவே ஒரு வீட்டுப்பாடம் தயாரித்தேன். ஒரு தாளின் நடுவே கோடு. ஒரு பக்கம் அலைமேல் ஒரு படகு, மறு பக்கம் அலைக்கடியில் ஒரு கல். பிள்ளைகள் வீட்டுப் பொருள்கள் மூன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, உரிய பக்கத்தில் படம் வரைய வேண்டும்.

பெற்றோருக்கான குறிப்பை நான்கு முறை திருத்தி எழுதினேன். கண்ணாடிப் பொருள்கள் கூடா, உடையலாம். மருந்துகள் கூடா, கரையலாம். மின்கருவிகளும் கைப்பேசிகளும் கூடா. விழுங்கத்தக்க சிறு பொருள்கள் கூடா. பால்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் கூடாது. அனைத்தும் பெற்றோரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டும். உலகத்தில் நேரக்கூடிய எல்லாத் தீங்குகளையும் அடைத்துவிட்டேன் என்ற நிறைவோடு, பிள்ளைகளுக்கு வகுப்பில் வாயால் ஒருமுறை விளக்கினேன். “வீட்டில் அன்றாடம் பயன்படுத்தும் பொருள்” என்றால் அவர்களுக்குப் புரியாது என்பதால், “வீட்ல தெனமும் எடுக்கற சாமான்” என்று சொன்னேன். வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு நான் இறங்கி வந்த அரிய தருணம் அது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குச் சிறுமியின் தாயார் வேலைச் சீருடையோடு வாசலில் நின்றார். ஒரு கையில் மகள், மறு கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு மலேசியக் கடப்பிதழ், பருத்து, மடல் மடலாக விரிந்து, ஊறிய ரொட்டிபோல இருந்தது.

“டீச்சர், காலையில வேலைக்குக் கெளம்ப அவரு பாஸ்போர்ட்ட தேடினாரு. வீடு பூரா தேடியாச்சு. பால்டிக்கு அடியில கெடக்கு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“நேத்து சாயங்காலம் எனக்கு ஷிப்டு. மேற்பார்வை பாக்கணும்னு எழுதியிருந்தீங்கல்ல, அப்பாதான் பாத்தாரு. சோபாவுல படுத்துக்கிட்டு, வாயப் பொளந்துக்கிட்டு பாத்தாரு.” அவர் கோபமாக இருந்தாரா, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. “இப்ப என்னா செய்யணும்னு கேக்க இமிகிரேசன் ஆபிசுக்குப் போயிருக்காரு, இத இங்க வந்து வாங்கிக்கறாராம். இன்னிக்கு வேலை போச்சு. இனிமே லீவு வரைக்கும்லாம் பாக்க முடியாதுன்னுட்டாரு. இன்னிக்கே வந்து பேசறாராம்.”

“ஏம்மா இத போட்ட?” என்று நான் குனிந்து சிறுமியைக் கேட்டேன்.

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். “அப்பா தெனமும் எடுக்கற சாமான்.”

ஜோகூரில் பிறந்து வளர்ந்தவள் நான். என் வீட்டுத் தெருவிலேயே ஏழெட்டுப் பேர் தினமும் பாலத்தைக் கடக்கிறார்கள். மற்ற ஊர்களில் அலமாரிக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கும் ஒரு பொருள், எங்கள் ஊரில் சாவிக்கும் தலைக்கவசத்துக்கும் பக்கத்தில் தொங்குகிறது. அந்த வீட்டில் நாள் தவறாமல் கையில் எடுக்கப்படும் பொருள் எது என்று ஒரு சமூகவியல் பட்டதாரி யோசித்திருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை யோசித்திருந்தது. என் பட்டியலில் மருந்து இருந்தது, கண்ணாடி இருந்தது. கடப்பிதழ் இல்லை.

தாயார் போகும்போது கடப்பிதழோடு வீட்டுப்பாடத் தாளையும் தந்துவிட்டுப் போனார். படகுப் பக்கத்தில் ஒரு ரப்பர்ச் செருப்பு, இங்கே அதற்கு ஜப்பான் சிலிப்பர் என்று பெயர். கல் பக்கத்தில் ஒரு கரண்டி. மூன்றாவது படம் நடுக்கோட்டின் மேலேயே இருந்தது: ஒரு சிறு புத்தகம், அட்டையில் இரண்டு கோடுகோடான பிராணிகள், அவை புலிகளாக இருக்கலாம். பாதிப் புத்தகம் படகின் பக்கம், பாதி கல்லின் பக்கம். பென்சிலை அழுத்திப் பிடித்து வரைந்திருந்தாள்.

“இது ஏன் நடுவுல இருக்கு?”

“மொதல்ல மெதந்துச்சு. அப்புறம் முங்கிருச்சு.”

என் தாளில் அதற்கு இடமே இல்லை. ஒன்று மிதக்கும் அல்லது மூழ்கும் என்று நான் கோடு கிழித்திருந்தேன். இந்த முறை நான் அவளைத் திருத்தவில்லை.

பிள்ளைகள் பசியாறிக்கொண்டிருந்த நேரத்தில் தகப்பனாருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதத் தொடங்கினேன். நிகழ்ந்ததற்கான காரணங்கள், என் பொறுப்பின் அளவு, இனிமேல் நான் மேற்கொள்ளவிருக்கும் ஏற்பாடுகள். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார்.

“நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள அந்த பாஸ்போர்ட்டே காஞ்சிரும் டீச்சர்.”

பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தகப்பனார் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். நான் கடிதத்தோடு எழுந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை, நேராக மகளிடம் போய் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“பாப்பா, அப்பா பாஸ்போர்ட்டு எவ்ளோ நேரம் தண்ணியில கெடந்துச்சு?”

பிறகுதான் என் பக்கம் திரும்பி விளக்கினார். கடப்பிதழ் எப்படிக் கெட்டது, எவ்வளவு நேரம் நீரில் இருந்தது என்று எழுதிக் கொண்டுவரும்படி முகப்பில் இருந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். இவருக்கு ஒன்றும் தெரியாது. பார்த்த சாட்சி ஒருத்திதான்.

சாட்சி யோசித்தாள். “நான் போட்டேன். அது மேல இருந்துச்சு. கார்ட்டூன் பாத்தேன். வந்து பாத்தேன், ஓரம் மட்டும் கீழ போயிருந்துச்சு. இன்னொரு கார்ட்டூன் பாத்தேன். அப்ப பாதி முங்கிருச்சு. பிஸ்கட்டு சாப்பிட்டேன். அப்புறம் முழுசா முங்கிருச்சு. அப்ப ஒரு முட்ட வந்துச்சுப்பா. குட்டி முட்ட.”

“முட்டையா?”

“தண்ணி முட்ட. உள்ளேருந்து வந்துச்சு. மேல வந்து ஒடஞ்சிருச்சு.”

தகப்பனார் தலைக்கவசத்தைக் கழற்றினார். “பாதி முங்கினப்பவே ஏன் எடுக்கல?”

“எடுத்தா எப்படித் தெரியும்?”

அவர் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “இதயா டீச்சர் ஆபிசர்கிட்ட எழுதிக் குடுக்கறது? கை தவறி விழுந்துருச்சுன்னு போட்டுறலாமா?”

“விழல,” என்றாள் சிறுமி. “நான்தான் போட்டேன். டீச்சர்தான் போட சொன்னாங்க.”

மறுக்க வழியில்லை. நடந்ததை நடந்தபடியே மலாயில் நான் எழுதித் தருகிறேன் என்றேன். வீட்டுப்பாடம் கொடுத்தவள் நான், குறிப்பில் கடப்பிதழை விட்டவள் நான், கையொப்பமும் நானே இடுகிறேன் என்றேன். உட்கார்ந்து எழுதினேன். பாலர் கல்வியில் நேரடி அனுபவத்தின் பங்கு குறித்து ஒரு பத்தி முன்னுரையாகச் சேர்த்தேன். அதிகாரிக்குப் பின்னணி தெரிந்திருப்பது நல்லதல்லவா? தகப்பனார் வாங்கி, தாளைத் திருப்பி, பின்பக்கமும் எழுத்து இருப்பதைக் கண்டார்.

“டீச்சர், இது பாஸ்போர்ட்டுக்கா, பட்டத்துக்கா?”

அடுக்களையில் அக்கா இருமினார். அது இருமல் அன்று.

“சரி, பைய எடுத்துக்க பாப்பா,” என்றார் தகப்பனார், ஈரக் கடப்பிதழைக் கையில் எடுத்துக்கொண்டு. “நீயும் வா. அவங்க மறுபடி கேட்டா நீயே சொல்லு.”

அவள் தன் கொக்கியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்தாள். பை, மாற்றுடை, சுருட்டிய பாய். பள்ளி முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, அதனால் எடுக்கிறாள் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் பிள்ளைகள் பாயை வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பெண்ணை நிறுத்திவிடப் போகிறீர்களா என்று வாய்விட்டுக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். ஈரக் கடப்பிதழால் காலை முழுதும் அலைந்த மனிதரிடம் அதைத் தவிர வேறு பதிலை எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை? மகளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டே ஓட்டினார். சாலையில் அது பாதுகாப்பானதன்று.

மறுநாள் காலை, எல்லாப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்த பிறகும் அந்தக் கொக்கி காலியாக இருந்தது. எட்டேகாலுக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அப்பாவும் மகளும் இறங்கினார்கள். பாய் அவர் தோளில் இருந்தது.

“புது பாஸ்போர்ட்டு இன்னிக்குத்தான் குடுக்கறாங்க. அதான் நானே கொண்டாந்தேன்,” என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியவர்போல வாசற்படியில் நின்றார். “உங்க லெட்டர ஆபிசர் படிக்கல டீச்சர். ரெண்டு வரி பாத்துட்டு மடிச்சு வச்சுட்டாரு. இவகிட்ட கேட்டாரு, எவ்ளோ நேரம்னு. இவ மலாய்ல சொல்றா: துவா கார்ட்டூன். ரெண்டு கார்ட்டூனு. பக்கத்துக் கவுண்டர்லேருந்து எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க. அவங்க கேக்கக் கேக்க இவ சொல்லிட்டே இருக்கா. வூட்ல எங்கிட்டயே வாயத் தொறக்காத பிள்ள டீச்சர்.”

தோளிலிருந்த பாயை இறக்கி என்னிடம் நீட்டினார்.

“வருசக் கடைசி வரைக்கும் இங்கயே இருக்கட்டும். ஆனா எழுத்து வேணும். தெனமும் பத்து நிமிசமாவது எழுத வைங்க. அத மட்டும் வுட்டுக்குடுக்க மாட்டேன்.”

பயிற்சித் தாள்களுக்கு எதிராக என்னிடம் ஏழு வாதங்கள் இருந்தன. அவற்றில் இரண்டு அவர் முன்னால் செல்லாது என்று எனக்கே தெரிந்தது. மீதி ஐந்தையும் விழுங்கிக்கொண்டு, “கால் மணி நேரம் எழுத வைக்கறேண்ணே,” என்றேன்.

சிறுமி பையைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்து அவர் கால்சட்டையை இழுத்தாள். “அப்பா, நீ மெதப்பியா?”

“தெரியலயே. போட்டுப் பாத்ததில்ல.”

“பாக்கலாமா?”

“ஞாயித்துக்கெழம பொந்தியான் பக்கம் கடலுக்குப் போயி பாக்கலாம்.”

கடல் என்ற சொல் காதில் விழுந்தவுடனே எனக்கு ஏற்ற இறக்க நீரோட்டங்கள் நினைவுக்கு வந்தன. மிதவைச் சட்டை கட்டாயம் வேண்டும், முழங்காலுக்கு மேல் போகக் கூடாது, வானிலை பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று அடுக்கினேன். அந்தக் கரை வெறும் சேறு, பிள்ளையின் கால் புதைந்துவிடும், வேறு இடம் பார்ப்பது நல்லது என்றும் சொன்னேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து மெல்ல உள்ளே இழுத்தார்.

தகப்பனார் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

“சேறு இருந்தா நல்லதுதான டீச்சர்,” என்றார். “பெசையலாம்.”